கற்சிலுவையைக் கழுவாதீர்கள்: இங்கிலாந்துச் சேகரக் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்துத் திருச்சபையின் கிராமச் சேகரங்களில் பொறுப்பிலிருக்கும் குருவானவர்களுக்கும், சர்ச் வார்டன்களுக்கும், சேகரக் கமிட்டியாருக்கும்,

வணக்கம்.

குருத்தோலை ஞாயிறு நெருங்கும்போது ஒரு சனிக்கிழமை ஆட்களைச் சேர்த்து ஆலய வளாகத்தைச் சுத்தம் செய்வது உங்களில் பலருக்கு வழக்கம். அன்றைய சாமான்களில் மூன்று அநேகமாகத் தவறுவதில்லை: வாடகைக்கு எடுத்த பிரஷர் வாஷர், நைலான் நரம்பு சுழலும் புல்வெட்டி, யார் வீட்டிலோ மிச்சமான அரை மூட்டை சிமென்ட். கல்லறைகளுக்கு நடுவில் நிற்கும் பழைய கற்சிலுவைப் பக்கம் இந்த மூன்றையும் கொண்டுபோக வேண்டாம் என்று கேட்கவே இந்த மடல்.

"எங்கள் வளாகத்தில் சிலுவையே இல்லையே" என்று உடனே பதில் வரக்கூடும். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். முழுச் சிலுவையாக நிற்பவை மிகக் குறைவு. லிங்கன்ஷயரின் சாமர்ஸ்பியில் 15ஆம் நூற்றாண்டுச் சிலுவை தலையோடு இன்றும் நிற்பதை அதிசயமாகவே சொல்கிறார்கள். மற்ற ஊர்களில் பெரும்பாலும் மூன்று படிகள், அவற்றின் மேல் நடுவில் குழி வெட்டிய ஒரு பெரிய கல், குழியில் செருகி நிற்கும் முறிந்த தண்டு, அவ்வளவுதான். தண்டின் உச்சியில் பிற்காலத்தார் சூரியக் கடிகாரம் பொருத்தியிருப்பார்கள். பூச்சாடி வைத்திருந்தாலும் வியப்பில்லை. குழிக்கல்லின் அடி சதுரமாக இருந்து, மேலே போகப்போக மூலைகள் மழுங்கி எண்கோணமாக மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அது பெரும்பாலும் இடைக்காலக் கல்.

தனித்தனிக் கல்லறைக் கற்கள் பரவலாவதற்கு முன்பு, அந்த மண்ணில் புதைந்த எல்லாருக்கும் பொதுவான நினைவுக்கல் இதுதான். குருத்தோலைப் பவனி ஆலயத்தைச் சுற்றி வந்து நின்றதும் இதன் அடியில்தான். தலை போனதற்குக் காரணம் பெரும்பாலும் காற்றோ மழையோ அல்ல. 1643 ஆகஸ்ட் 28 அன்று நாடாளுமன்றம் பிறப்பித்த கட்டளை, ஆலய வளாகங்களிலும் திறந்த வெளிகளிலும் உள்ள சிலுவைகளையும் அகற்றச் சொன்னது. அந்தச் சம்மட்டிக்குத் தப்பியதுதான் உங்களிடம் இருக்கிறது. இன்று அதைக் கெடுப்பவர்கள் பகைவர்கள் அல்ல. நல்ல எண்ணத்தோடு சனிக்கிழமை காலையைத் தியாகம் செய்து வருகிறவர்கள். அதனால்தான் யாரும் தடுப்பதும் இல்லை.

முதலில் பிரஷர் வாஷர். வீட்டு உபயோக எந்திரமே 100 பார் அழுத்தத்துக்கு மேல் தண்ணீரைப் பீய்ச்சும். டவுல்டிங், ஹாம் ஹில், ஆன்காஸ்டர் போன்ற சுண்ணாம்புக் கற்களை வெட்டியெடுத்ததும் உள்ளிருந்த ஈரம் வெளியே வந்து உலர்கிறது. அது கொண்டுவரும் கரைபொருள் மேற்பரப்பில் படிந்து சில மில்லிமீட்டர் கனத்துக்குக் கெட்டியான தோலாகிறது. உள்ளே இருப்பது அதைவிட மென்மையானது. அழுத்த நீர் அழுக்கோடு அந்தத் தோலையும் உரித்துவிடும். கழுவிய அன்று கல் புதிதுபோல் வெளுத்துத் தெரியும், படமும் நன்றாக வரும். ஐந்தாறு குளிர்காலம் போனதும் தடவிப் பாருங்கள், விரலில் மாவு ஒட்டும். கம்பித் தூரிகையும் இதே வேலையைத்தான் செய்கிறது. கூடவே உதிரும் கம்பித் துணுக்குகள் கல்லில் பதிந்து துருக்கறையாகும். ப்ளீச் ஊற்றினால் உப்பு உள்ளே இறங்கும்; அது ஈரத்தில் கரைந்து, வெயிலில் படிகமாகி, மேற்பரப்பை உள்ளிருந்து பொடியாக்கும். செங்கல் கழுவும் அமிலத்தைச் சுண்ணாம்புக்கல்லில் ஊற்றுவது கல்லையே கரைப்பதாகும். "இயற்கையானது" என்று வினிகர் ஊற்றினாலும் நடப்பது அதேதான், கொஞ்சம் மெதுவாக.

கல்லின் மேல் சாம்பலும் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் படர்ந்திருப்பது அழுக்கு அல்ல, கற்பாசி. மசாலாவில் போடுகிறோமே கல்பாசி, அதன் உறவு. பிரிட்டனில் அறியப்பட்ட கற்பாசி இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆலய வளாகங்களில் பதிவாகியிருக்கின்றன. சில இனங்கள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. உங்கள் சிலுவையில் உள்ளங்கை அகலம் இருக்கும் வட்டம் உங்கள் பாட்டனாருக்கும் முந்தியதாக இருக்கலாம். எழுத்தோ உருவமோ தெரியவில்லை என்பதற்காக அதைச் சுரண்ட வேண்டாம். இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைக் கல்லின் பரப்பை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். அரை மில்லிமீட்டர் பள்ளம்கூட நிழலாக எழுந்து நிற்கும். பகலில் ஒரு நிலைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பியும் இதைச் செய்யலாம். கேமராவை முக்காலியில் நிறுத்தி, வெளிச்சத்தை மட்டும் எட்டுத் திசையிலிருந்து மாற்றி எட்டுப் படம் எடுத்தால், கல்லைத் தொடாமலே ஒரு நல்ல பதிவு கிடைத்துவிடும். உருவங்களின் மடிப்புகளில் சிவப்போ பழுப்போ தென்பட்டால் விரல்கூட வைக்காதீர்கள். பல சிலுவைகள் வண்ணம் பூசப்பட்டவை. மடிப்புக்குள் ஒளிந்திருப்பது அந்த வண்ணத்தின் எச்சமாக இருக்கலாம்.

புல்வெட்டி செய்யும் கேடு அவ்வளவு பளிச்சென்று தெரியாது. நைலான் நரம்பு ஒவ்வொரு சுற்றிலும் அடிப்படியின் விளிம்பைச் சவுக்கால் அடிப்பதுபோல் அடிக்கிறது. மென்மையான கல் என்றால், தரையிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் படியைச் சுற்றி ஒரு காடி விழுந்திருக்கும். அதைப் "பழமை" என்று நினைத்துக் கடந்துபோகிறோம். கல்லைச் சுற்றி 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு எந்திரம் போகக்கூடாது; அந்தப் பட்டையைக் கைக்கத்தரியால் வெட்டினால் போதும். களைக்கொல்லியும் வேண்டாம். புல் செத்தால் மண் வெறுமையாகும், மழைத்துளி பட்டுச் சேறு கல்லில் தெறிக்கும். ஐவிக் கொடி ஏறியிருந்தால் அடியில் வெட்டிவிட்டுக் காயவிடுங்கள். பச்சையாகப் பிடித்து இழுத்தால் வேர் தன்னோடு கல்லையும் கொண்டுவரும்.

மிகப் பெரிய குற்றவாளி சிமென்ட்தான்.

தண்டின் அடியில் ஒரு முளை செதுக்கி, குழிக்கல்லின் குழியில் இறக்கி, சுற்றிலும் உருக்கிய ஈயத்தை வார்ப்பது பழைய முறை. காலப்போக்கில் ஈயம் சற்று விலகும், தண்ணீர் இறங்கும். அதைப் பார்த்துப் பதறிய யாரோ ஒரு காலத்தில் தண்டைச் சுற்றிச் சிமென்டைச் சாய்வாக அப்பியிருப்பார். சிமென்ட் கெட்டியானது, ஈரத்தை விடாதது, கல்லோடு சேர்ந்து விரிந்து சுருங்காதது. ஒரு வருடத்தில் அதற்கும் கல்லுக்கும் இடையே மயிரிழை விரிசல் விழும். உள்ளே போன மழைநீர் வெளியேற வழியில்லாமல் தண்டின் வழியே மேலேறி, சிமென்ட் முடியும் இடத்துக்குச் சற்று மேலே உலர்கிறது. உப்பு படிவதும் பனி உடைப்பதும் அங்கேதான். அந்த இடத்தில் தண்டுக்கு இடுப்பு ஒடுங்கியிருந்தால் காரணம் இதுதான். ஒரு நாள் புயலில் அது முறிந்து விழும்போது "பழைய கல்தானே" என்று சொல்லிவிடுவோம்.

அதற்காக உடனே உளியை எடுத்துச் சிமென்டைப் பெயர்க்கவும் வேண்டாம். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் அது ஏற்கெனவே விட்டுப்போனது, பழகிய கல்தொழிலாளி ஒருவர் சிறு உளியும் கொட்டாப்புளியுமாக எடுத்துவிடுவார். கணீரென்று ஒலித்தால் அது கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெயர்த்தால் கல்லின் முகமும் கூடவே வரும். அப்படிப்பட்டதை விட்டுவைப்பதே நல்லது என்பது எங்கள் முடிவு. கிரைண்டர் எந்த நிலையிலும் கூடாது. சக்கரம் ஒருமுறை வழுக்கினால் 600 ஆண்டு விளிம்பில் நேர்கோடாக ஒரு வெட்டு விழும், அதை எந்தச் சாந்தாலும் மறைக்க முடியாது.

படிகளின் சந்துகளை அடைக்க வேண்டியது சுண்ணாம்புச் சாந்தால். நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பில் 3.5 ரகம் ஒரு பங்கு, சலித்த கூரான மணல் இரண்டரைப் பங்கு, கன அளவில். கல் மிக மென்மையாக இருந்தால் 2 ரகம் எடுங்கள். அடிப்படி 3 மீட்டர், நடுப்படி 2.2, மேல்படி 1.4 மீட்டர் பக்கமுள்ள சதுரம் என்று வைத்துக்கொண்டால், நெடுக்குச் சந்துகளையும் சேர்த்துச் சுமார் 36 மீட்டர் நீளம் வரும். 15 மில்லிமீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் ஆழம் என்றால் தேவைப்படும் சாந்து ஏறக்குறைய 22 லிட்டர்தான். 25 கிலோ சுண்ணாம்பு மூட்டையில் கால் பங்குகூடச் செலவாகாது. மிச்சத்தை என்ன செய்வது என்ற யோசனையில்தான் "அப்படியே தண்டுக்கும் பூசிவிடுவோமே" என்ற விபரீதம் ஆரம்பிக்கிறது. சிறிய மூட்டையாக வாங்குங்கள்.

பழைய மண்ணையும் வேரையும் சந்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்காவது கையால் எடுக்க வேண்டும். பிறகு தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். காய்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும், சாந்து இறுகாமல் பொடியாகவே நிற்கும். ஆழமான சந்தை ஒரே மூச்சில் நிரப்பாமல், 20 மில்லிமீட்டருக்கு ஒரு தடவையாக அழுத்தி நிரப்புங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் லேசாக விழும் பதம் வந்ததும் கெட்டித் தூரிகையின் நுனியால் தட்டிவிட வேண்டும். மேற்பரப்பு திறந்துகொள்ளும், ஈரம் அந்த வழியே வெளியேறும். சாந்து கல்லின் விளிம்புக்குச் சற்று உள்ளடங்கியே நிற்கட்டும். மழுங்கிய விளிம்பின் மேல் வழித்துவிட்டால் மெல்லிய தகடாகி முதல் பனியிலேயே உதிரும். நனைத்த சணல் சாக்கைப் போர்த்தி ஒரு வாரமாவது ஈரம் காயாமல் வையுங்கள். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது. ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். குருத்தோலை ஞாயிறு எப்போதும் அதற்கு முன்பே வந்துவிடுகிறது என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது இரும்பு. முறிந்த தண்டுகளை 19ஆம் நூற்றாண்டில் ஒட்டியவர்கள் உள்ளே இரும்புக் கம்பி வைத்தார்கள். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கிறது, கல்லுக்கு அந்த நெருக்குதல் தாங்காது. இணைப்பிலிருந்து மேலும் கீழும் ஓடும் நெடுக்கு விரிசல், பழுப்பு வழிசல், இணைப்பு தானாக அகன்று தெரிவது ஆகியவை அடையாளங்கள். ஒரு சிறிய வலுவான காந்தத்தை நூலில் கட்டிக் கல்லருகே தொங்கவிட்டால், மேற்பரப்பை ஒட்டியுள்ள இரும்பின் பக்கம் அது சாயும். நிலத்துக்குள் உலோகம் தேடும் கருவியை மட்டும் கொண்டுவராதீர்கள். பாதுகாக்கப்பட்ட தொல்சின்னத்தில் எழுத்து அனுமதியில்லாமல் அதை இயக்குவது தனிக் குற்றம்.

இரும்பை எடுத்துவிட்டு 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைப்பது இன்றைய முறை. இது கட்டாயம் கல் பராமரிப்பில் தேர்ந்தவர் கையில் நடக்க வேண்டியது. 30 சென்டிமீட்டர் சதுரமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள சுண்ணாம்புக்கல் தண்டு ஏறக்குறைய அரை டன் எடை. நாலு பேர் சேர்ந்து இறக்கும் சமாசாரம் அல்ல. சாரம், செயின் பிளாக், அகலமான துணிப்பட்டை எல்லாம் வேண்டும். இறக்குமுன் ஒவ்வொரு துண்டிலும் வடக்குப் பக்கம் எது என்று அடையாளம் கட்டவும் வேண்டும். அடையாளம் இல்லாமல் இறக்கித் திருப்பி நட்டால், அத்தனை காலம் மேற்கு மழை வாங்கிய முகம் கிழக்கே போகும், நிழலில் இருந்த முகம் மழைக்கு வரும்.

ஹெரிஃபோர்ட்ஷயரிலும் கம்பிரியாவிலும் உள்ள செம்மணற்கல் தண்டுகளுக்கு இன்னொரு சிக்கல். இரண்டு மூன்று மீட்டர் நீளத் தண்டை ஒரே கல்லாக எடுக்க, பாறையின் படுகைவாக்கில் நீளமாக வெட்டி நிமிர்த்தி நட்டார்கள். படுக்க வேண்டிய அடுக்குகள் நிற்கின்றன. புத்தகத்தை நிமிர்த்தி வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினால் தாள்களுக்குள் இறங்குமே, அதே கதைதான். ஆகவே உச்சியைக் கவனியுங்கள். தலை போன தண்டின் உச்சியில் பழைய கம்பிக் குழி திறந்தே இருந்தால் அதில் மழைநீர் நிற்கும். உறையும் நீர் ஒன்பது சதவீதம் விரியும், தண்டு மேலிருந்து பிளக்கும். அந்தக் குழியைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பிச் சிறு மேடாக வழித்துவிடுவது செலவே இல்லாத வேலை. மற்ற எதையும்விட அதிகப் பலன் தருவதும் அதுதான்.

"கொஞ்சம் சாய்ந்திருக்கிறதே, விழுந்துவிடுமோ" என்ற பயம் அடிக்கடி எழுகிறது. சாய்வைவிட, சாய்வு கூடுகிறதா என்பதுதான் கேள்வி. தண்டு மேலே போகப்போக ஒடுங்குவதால் ஒரு பக்கம் மட்டும் தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தால் தப்பான கணக்கு வரும். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் விட வேண்டும். உச்சியில் 100 மில்லிமீட்டர் கட்டை வைத்து நூலை விடுங்கள். அடியில் கிழக்கே இடைவெளி 75, மேற்கே 45 என்றால் வித்தியாசம் 30. அதில் பாதி, 15 மில்லிமீட்டர், கிழக்கு நோக்கிய சாய்வு. வடக்கு தெற்குக்கும் இதேபோல். பிப்ரவரிக் கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் அளக்க வேண்டும், ஏனென்றால் களிமண் நிலம் குளிரில் உப்பிக் கோடையில் சுருங்கும். ஒரு முறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டு எண்கள் ஒரே திசையில் ஏறினால்தான் அது நகர்வு.

அனுமதி விஷயத்தில் பலர் பாதி தெரிந்து மாட்டிக்கொள்கிறார்கள். ஆலய வளாகத்தில் பெரும்பாலான வேலைகளுக்குத் திருமண்டல ஆலோசனைக் குழுவின் கருத்தும், திருச்சபை நீதிமன்றத்தின் சான்சலர் தரும் ஃபேக்கல்ட்டி என்ற அனுமதியும் வேண்டும்; சிறு வேலைகளுக்கு, பிஷப்பின்கீழ் சேகரங்களை மேற்பார்க்கும் ஆர்ச்டீக்கனின் எழுத்து அனுமதி போதும். இதுவரை எல்லாருக்கும் தெரியும். ஆனால் பல சிலுவைகள் 1979 ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டத்தின்கீழ் தனியாக அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. அரசு பட்டியலிட்ட பழங்கட்டடங்களில் வேலை செய்ய அரசிடம் தனி அனுமதி கேட்க வேண்டாம் என்று திருச்சபைக்கு உள்ள விலக்கு இந்த அட்டவணைக்குச் செல்லாது. ஃபேக்கல்ட்டி கையில் இருந்தாலும், அரசின் தொல்சின்ன அனுமதி இல்லாமல் வேலை செய்தால் அது கிரிமினல் குற்றம். இங்கிலாந்தின் தேசிய மரபுப் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம், உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம். தொல்சின்ன அனுமதிக்கு, மரபுச் சின்னங்களைக் கவனிக்கும் அரசுசார் நிறுவனமான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்; கட்டணம் கிடையாது. ஐந்து ஆண்டுக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் காலாவதியாகும். உண்மையிலேயே விழும் நிலையில் இருந்தால் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குக் கயிறு கட்டிவிட்டு, அன்றே ஆர்ச்டீக்கனுக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்துக்கும் சொல்லுங்கள். கயிறு கட்ட யாருடைய அனுமதியும் தேவையில்லை.

காணாமல் போன தலையைத் தேடுவது சுத்தம் செய்வதைவிட நல்ல சனிக்கிழமை வேலை. குளோஸ்டர்ஷயரின் ஆம்ப்னி குரூசிஸில் செதுக்கிய தலை 19ஆம் நூற்றாண்டில் ஆலயச் சுவருக்குள்ளேயே கிடைத்தது. இன்று தண்டின் மேல் நிற்கிறது. கார்ன்வாலின் மைலரில் ஒரு பெரிய சிலுவையே சுவருக்கு முட்டுக்கொடுத்த தூணாக நின்றது, 1870-இல்தான் அடையாளம் தெரிந்தது. நடைபாதை ஓரம், மதில் உச்சி, குருவானவர் வீட்டுத் தோட்டம் எல்லாம் பாருங்கள். கிடைத்தால் படம் எடுத்து, இருந்த இடத்தைக் குறித்துவிட்டு, அங்கேயே விட்டு வையுங்கள். உதிர்ந்த துண்டு என்றால் மரக்கட்டை மேல், கூரைக்குள், ஹீட்டருக்குத் தள்ளி வையுங்கள். சட்டென்று உலர்ந்தால் உப்பு ஒரே நேரத்தில் படிகமாகி முகம் உரிந்துவிடும்.

செதுக்கல் மிக அரிதானதாக இருந்தால் உள்ளே கொண்டுவருவதும் ஒரு வழி. யார்க்ஷயரின் இல்க்லியில் ஆங்கிலோ-சாக்சன் தண்டுகளை 1980களில் ஆலயத்துக்குள் மாற்றினார்கள். கம்பிரியாவின் காஸ்ஃபோர்த்தில் 10ஆம் நூற்றாண்டுச் சிலுவை, 4.4 மீட்டர், வெளியேதான் நிற்கிறது. ஆனால் 1882-இல் எடுத்த பிளாஸ்டர் அச்சு லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருப்பதால், கல் எவ்வளவு தேய்ந்தது என்று ஒப்பிட முடிகிறது. புது அச்சு எடுக்கச் சொல்லவில்லை, அதுவும் மேற்பரப்பை இழுக்கும். சுற்றிவந்து, ஒவ்வொரு படமும் முந்தையதில் முக்கால் பங்கு மேல் படியும்படி நூறு இருநூறு படங்கள் எடுத்தால் கணினியில் முப்பரிமாண உரு கிடைக்கும். மேகம் மூடிய நாள் அதற்கு ஏற்றது.

முதல் உலகப் போருக்குப் பிறகு பல ஊர்களில் பழைய படியின் மேல் புதுத் தண்டு நட்டுப் போர் நினைவுச் சின்னமாக்கினார்கள். அங்கே நவம்பர் மலர்வளையங்களைக் கல்லில் கம்பியால் கட்டாமல், தனித் தாங்கியில் வையுங்கள். பனிக்காலத்தில் படியருகே உப்புத் தூவாமல் கூர்மணல் போடுங்கள்.

சட்டப்படி நீங்கள் வைத்திருக்க வேண்டிய ஆலயப் பதிவேட்டில் சிலுவைக்கு ஒரு பக்கம் ஒதுக்கும்படி கேட்கிறோம். அட்டவணை எண், நாலு பக்கத்துப் படம், நாலு தூக்குக் குண்டு அளவு, தேதி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்கு வரும் கட்டடக் கலைஞரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். அவர் கூரையைப் பார்த்துவிட்டுக் கிளம்புமுன் சிலுவையடிக்கும் கூட்டிப் போங்கள்.

இப்படிக்கு,
பழங்கல் பராமரிப்பு வேலையில் இருப்போர்